ஒன்பது நகர்வும் முப்பத்தொரு வரியும்: மட்டக்களப்புச் சதுரங்கப் போட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு நகரில் ஓர் ஓகஸ்ட் விடுமுறையில் நடந்த திறந்த சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்றில், முதலாம் பலகையில் ஆடப்பட்ட ஓர் ஆட்டத்தைப் பற்றியது இந்த ஆய்வு. அந்தப் போட்டியின் பிரதம நடுவர் நான். சம்பந்தப்பட்ட எவருடைய பெயரும் இங்கே இல்லை. ஊரையும் வயதையும் விடயம் விளங்குவதற்கு வேண்டிய அளவுக்கு மேல் சொல்லவில்லை. ஆட்டக்காரர் இருவரும் அவர்களுடைய பெற்றோரும் இதை எழுதுவதற்குச் சம்மதம் தந்திருக்கிறார்கள்.

மூன்று நாள், ஏழு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் ஒத்த புள்ளியில் நிற்பவர்களை மோதவைக்கும் சுவிஸ் முறை. ஒவ்வொருவருக்கும் 60 நிமிடம், அதோடு ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி. வாழைச்சேனை, ஏறாவூர், காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று இரு மாவட்டங்களிலிருந்தும் அறுபதுக்குச் சற்றுக் குறைவானோர் வந்திருந்தார்கள். பெரும்பாலானோர் பாடசாலைப் பிள்ளைகள். தரவரிசைப் புள்ளிக்குக் கணக்கிடப்படாத போட்டியாக இருந்தாலும், உலகச் சம்மேளனமான ஃபிடேயின் விதிகளின்படியே நடத்துவதாக அறிவித்திருந்தோம். முதல் மூவருக்குப் பணப்பரிசு உண்டு. ஆனால் பிள்ளைகள் அதைவிடப் பெரிதாக மதித்தது, முதல் இருவருக்கு மட்டும் கிடைக்கவிருந்த பயிற்சி முகாம் இடங்களைத்தான்.

முந்திய ஆண்டு கடைசிச் சுற்றில் முன்வரிசைப் பலகைகள் மூன்றும் கால் மணி நேரத்துக்குள், ஆட்டக்காரர்கள் தமக்குள் ஒத்துக்கொண்டு, சமநிலையில் முடிந்திருந்தன. விடியற்காலையில் பஸ் ஏறிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த பெற்றோர் சிலர், இதைப் பார்க்கவா வந்தோம் என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. எனவே இம்முறை 30 நகர்வுகளுக்கு முன் சமநிலை கூடாது என்று ஏற்பாட்டுக் குழு தீர்மானித்தது. அந்தத் தீர்மானம் எடுக்கப்பட்டபோது போட்டி அறிவித்தல் ஏற்கெனவே எல்லோருக்கும் போய்விட்டது. ஆகவே முதல் நாள் காலையில் மண்டப வாசலில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: “30 நகர்வுகளுக்கு முன் சமநிலை ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது.” அந்த ஒரு வரிதான் விதி. மீறினால் என்ன நடக்கும், நிலையில் உண்மையாகவே ஆடுவதற்கு ஒன்றும் இல்லையென்றால் யாரிடம் போய்க் கேட்பது, கேட்டால் எதைப் பார்த்து அனுமதிப்பார்கள் என்பன எவையும் அதில் இல்லை. அந்த வரியை எழுதியவன் நான்.

இந்தப் பிரச்சினை நம் ஊரில் பிறந்ததன்று. 1962இல் கியூரசாவோவில் நடந்த உலக வெற்றியாளருக்கான தகுதிச் சுற்றில் பெட்ரோசியன், கெரெஸ், கெல்லர் ஆகிய மூன்று சோவியத் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டங்களும் சமநிலையில் முடிந்தன. அதே சுற்றில் ஆடிய அமெரிக்கர் பொபி பிஷர் அதைப் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். அதன் பின் ஃபிடே 30 நகர்வு எல்லையைக் கொண்டுவந்து, சில காலத்தில் கைவிட்டது. 2005இல் சோஃபியாவில் நடந்த போட்டியில், ஆட்டக்காரர்கள் ஒருவரிடம் ஒருவர் சமநிலை கேட்கவே கூடாது, நடுவர் மூலம்தான் கேட்க வேண்டும் என்று வைத்தார்கள். 2021இல் துபாயில் நடந்த உலக வெற்றியாளர் போட்டியில் 40 நகர்வு எல்லை இருந்தது. இவையெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தன. தெரிந்திருந்தும், அந்த எல்லைகள் எழுத்தில் எவ்வளவு விரிவாக வகுக்கப்பட்டவை என்பதையும், அவற்றைக் கண்காணிக்க அந்த மண்டபங்களில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதையும் நான் யோசிக்கவில்லை. எங்களிடம் 29 பலகைகளுக்கு நடுவர்கள் மூவர் இருந்தோம்.

கடைசிச் சுற்று

ஆறு சுற்று முடிவில் இருவர் ஐந்தரைப் புள்ளியோடும், மூவர் ஐந்து புள்ளியோடும் நின்றார்கள். முதலாம் பலகையில் ஐந்தரைக்காரர் இருவரும் மோதவேண்டியிருந்தது. ஒருவர் உயர்தர மாணவர். மற்றவர் அவரைவிட இரண்டு வயது இளையவர். இருவரும் ஒரே வகுப்பில் சதுரங்கம் படிப்பவர்கள், ஒரே பஸ்ஸில் வந்து போகிறவர்கள். இங்கே வெள்ளைக் காய்களோடு ஆடியவரை மூத்தவர் என்றும், கறுப்போடு ஆடியவரை இளையவர் என்றும் குறிப்பிடுகிறேன். இரண்டாம் பலகையில் ஐந்து புள்ளியோடு இருந்த, கல்முனைப் பக்கத்துப் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி ஆடினாள்.

முதலாம் பலகை சமநிலையானால் இருவருக்கும் ஆறு புள்ளி. பின்னாலிருந்து வென்று ஆறுக்கு வருபவர் எவராயினும், எதிராளிகள் பெற்ற புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கும் புக்கோல்ஸ் கணக்கில் அவர்களுக்குப் பின்னாலேயே நிற்பார். இதை ஆட்டக்காரர்கள் கணக்குப் பார்த்திருந்தார்கள். கணக்குப் பார்ப்பதில் ஒரு குற்றமும் இல்லை.

சுற்று பிற்பகல் 2.05க்குத் தொடங்கியது. கச்சான் காற்று வீசிய நாள். வாவிப் பக்கத்து யன்னல்களைச் சாத்தினால் வெக்கை, திறந்தால் தாள்கள் பறக்கும். பிள்ளைகள் வெட்டுப்பட்ட காய்களை, நகர்வுகளை எழுதும் பதிவுத்தாளின் மேல் பாரமாக வைத்துக்கொண்டு ஆடினார்கள். 2.15 அளவில் நான் சான்றிதழ்களை அச்சிடுவதற்காகப் பின்னறைக்குப் போனேன். 2.17க்கு முதலாம் பலகையில் கைகுலுக்கினார்கள்.

அப்போது அருகில் நின்ற உதவி நடுவர் கடிகாரம் நிறுத்தப்பட்டதைக் கண்டு, தன் வழக்கப்படி நேரத்தையும் இரு பக்கக் கடிகாரம் காட்டியதையும் சட்டைப்பையிலிருந்த சிறு கொப்பியில் குறித்துக்கொண்டார். அப்படிக் குறிக்கும்படி நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அது அவராகப் பழகிக்கொண்ட ஒழுங்கு. தாள்களைக் கேட்டபோது, “எழுதி முடிச்சிட்டுத் தாறம் சேர்” என்றார்கள். அதே நேரத்தில் பதினோராம் பலகையில் தொட்ட காயை ஆட வேண்டுமா என்ற வாக்குவாதம் எழுந்ததால் அவர் அங்கே போனார். இருபது நிமிடம் கழித்துத் தாள்கள் இரண்டும் அவர் கைக்கு வந்தன. கடைசி வரியின் இலக்கத்தைப் பார்த்தார்: 31. கையொப்பங்கள் இருந்தன, முடிவு எழுதப்பட்டிருந்தது. கோவையில் போட்டார்.

இரண்டாம் பலகையில் அந்தச் சிறுமி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆடி, 78ஆவது நகர்வில் கோட்டை இறுதியாட்டம் ஒன்றை வென்றாள். அவளுக்கும் ஆறு புள்ளி, புக்கோல்ஸில் மூன்றாமிடம். மூன்றாம் பலகை சமநிலையில் முடிந்ததால், முதலாம் பலகையில் யாராவது ஒருவர் தோற்றிருந்தால் அவள் இரண்டாமிடத்துக்கு வந்திருப்பாள். பரிசளிப்பு முடிந்து எல்லோரும் கலையும்போது இருட்டிவிட்டது.

தாள்களைக் கணினியில் ஏற்றியபோது

இந்தப் போட்டியின் ஆட்டங்களையெல்லாம் பதிவுத்தாள்களிலிருந்து கணினியில் ஏற்றி, பிள்ளைகள் படிப்பதற்காகக் கொடுப்பது எங்கள் வழக்கம். புத்தகத்திலிருக்கும் பெரியவர்களின் ஆட்டத்தைவிட, தனக்குத் தெரிந்த ஒருவர் தன் மாவட்டத்தில் ஆடிய ஆட்டத்தைப் பிள்ளை கூடுதல் கவனத்தோடு பார்க்கும் என்பதைப் பல வருடங்களாகக் கண்டிருக்கிறோம். ஏற்றும் வேலையை ஓர் ஆசிரியை தொண்டாகச் செய்து தருகிறார்.

நான்காம் நாள் மாலை அவர் அழைத்தார். முதலாம் பலகை ஆட்டத்தில் கறுப்பின் 17ஆவது நகர்வைக் கணினி ஏற்கவில்லை என்றார். பிஷப் என்று பிள்ளைகள் சொல்லும் மந்திரி சி8 கட்டத்திலிருந்து ஜி4க்குப் போவதாகத் தாளில் இருந்தது. அந்தக் கோணல் வழியில் ஈ6 கட்டத்தில் கறுப்பின் சொந்தச் சிப்பாய் நிற்கிறது. அது அதற்கு முன் நகர்ந்ததாக எங்கும் எழுதப்படவில்லை. 24ஆவது நகர்வில்தான் அது ஈ5க்குப் போவதாக அதே தாள் சொல்கிறது.

ஒரு தாளில் இப்படிப் பிழை வருவது சாதாரணம். ஆசிரியை வழக்கம் போல எதிராளியின் தாளை எடுத்துப் பார்த்தார். அதிலும் அதே மந்திரி, அதே ஜி4.

என்னைத் திடுக்கிடச் செய்தது இதுதான். ஓர் ஆட்டத்தை இரண்டு பேர் எதிரெதிரே இருந்து எழுதுகிறார்கள். ஒருவர் கவனம் சிதறி எழுதும் பிழை மற்றவருடைய பிழையாக இருக்க முடியாது. அந்தச் சிறுமியின் ஆட்டத்தைப் பாருங்கள்: 52ஆவது நகர்வில் அவளுடைய எதிராளி கோட்டையைத் தவறான கட்டத்தில் எழுதியிருந்தார், அவள் 61ஆவது வரியில் ஒரு சோடி நகர்வைத் தவறவிட்டு, பின்னர் அம்புக்குறி போட்டு ஓரத்தில் சேர்த்திருந்தாள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்த்து, 78 நகர்வும் முழுமையாகக் கிடைத்தன. உண்மையான இரண்டு தாள்கள் இப்படி அங்கங்கே முரண்படும். முதலாம் பலகையின் தாள்கள் இரண்டும் நடக்க முடியாத ஒரு நகர்விலும் ஒத்துப்போயின.

அடுத்த நாள் நான் தாள்களை நேரில் வாங்கிப் பார்த்தேன். முதல் ஒன்பது வரிகள் இரண்டிலும் வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு சாய்வில் எழுதப்பட்டிருந்தன. மூத்தவர் நீலப் பேனை, இளையவர் கறுப்பு. ராணிப் பக்கத்துச் சிப்பாய்த் தியாகத்தை மறுத்து ஆடும் பழைய, நல்ல தொடக்கம் அது: எட்டாவது நகர்வில் கறுப்பு சி4இல் சிப்பாயை வெட்ட, ஒன்பதில் வெள்ளை மந்திரியால் திருப்பி வெட்ட, கறுப்பின் குதிரை டி5க்கு வருகிறது. பழைய உலக வெற்றியாளர் கபபிளாங்கா காலத்திலிருந்து ஆடப்பட்டு வரும் நிலை. ஆட்டம் அப்போதுதான் தொடங்குகிறது என்று சொல்ல வேண்டிய நிலை. பத்தாவது வரியிலிருந்து இரண்டு தாளிலும் எழுத்து ஒரே சீராக, இடைவெளி கூட மாறாமல் இறங்கியது. ஒரு பக்கம் பார்த்து மறுபக்கம் எழுதும்போது வரும் சீர் அது.

இன்னொன்றும் இருந்தது. சமநிலை கேட்கப்பட்டால் இருவரும் தாளில், அடைப்புக்குள் சமக்குறி போட்டுக் குறிக்க வேண்டும் என்பது விதி. மூத்தவரின் தாளில் அந்தக் குறி 31ஆவது வரியில் இருந்தது. கறுப்பின் ஒன்பதாவது நகர்வுக்குப் பக்கத்திலும், சிறியதாக, நீல மையில் இருந்தது. பழக்கப்பட்ட கை தானாகவே உண்மையைக் குறித்துவிட்டிருந்தது. அதை அழிக்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

கடிகாரக் கணக்கு

எழுத்தின் சாய்வை வைத்து ஒரு பிள்ளையைப் பொய்யன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உதவி நடுவரின் கொப்பி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதில் இருந்தது இவ்வளவு: முதலாம் பலகை, 2.17, வெள்ளை 58.40, கறுப்பு 59.20.

கணக்கு எளிது. முதல் நகர்வுக்குரிய 30 விநாடி தொடக்கத்திலேயே சேர்க்கப்பட்டிருந்ததால், ஒவ்வொருவருடைய கடிகாரமும் 60 நிமிடம் 30 விநாடியில் தொடங்கியது. இரண்டும் சேர்ந்து 121 நிமிடம். 2.05 முதல் 2.17 வரை 12 நிமிடம் கழிந்தது, மிச்சம் 109. நிறுத்தியபோது இரண்டும் சேர்ந்து காட்டியது 118. எனவே கடிகாரம் கூட்டிக் கொடுத்தது 9 நிமிடம், அதாவது 30 விநாடியாக 18 தடவை. ஆளுக்கு ஒன்பது நகர்வு.

31 நகர்வு ஆடப்பட்டிருந்தால் கடிகாரம் 62 தடவை, 31 நிமிடம் கூட்டியிருக்கும். இரண்டும் சேர்ந்து 140 நிமிடம் காட்டியிருக்க வேண்டும். எவ்வளவு வேகமாக ஆடினாலும் இந்தக் கூட்டுத்தொகை மாறாது, ஏனென்றால் வேகம் கழிந்த நேரத்தைத்தான் குறைக்கும், கூட்டிய நேரத்தைக் குறைக்காது. தொடக்க நேரத்தில் ஓரிரு நிமிடப் பிசகு இருந்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும் குறைகிற 22 நிமிடத்தை அது நிரப்பாது.

இந்தக் கணக்கை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நகர்வுக்கு நேரம் கூட்டும் டிஜிட்டல் கடிகாரம் உள்ள எந்தப் போட்டியிலும், நிறுத்திய நேரத்தையும் இரு பக்க மிச்சத்தையும் ஒருவர் குறித்து வைத்தால், ஆடப்பட்ட நகர்வுகளின் எண்ணிக்கையைத் தாளைப் பாராமலே சொல்லிவிடலாம்.

விளக்கம் கேட்டல்

இருவரையும் பெற்றோருடன் தனித்தனியாக அழைத்துப் பேசினோம். முதலில் இளையவர். நான் தாள்களையும் கடிகாரக் குறிப்பையும் மேசையில் வைத்து, என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. ஒன்பதாவது நகர்வை ஆடிவிட்டு அவர்தான் சமநிலை கேட்டிருக்கிறார், மூத்தவர் ஒத்துக்கொண்டிருக்கிறார், அதன் பிறகுதான் வாசலில் ஒட்டியிருந்த தாள் நினைவுக்கு வந்திருக்கிறது.

“முப்பது நகர்வு இல்லாட்டித் தாள எடுக்கமாட்டாங்க எண்டு நினைச்சம் சேர். சமநிலைதானே, ஆரையும் ஏமாத்தல்ல எண்டுதான் எழுதினம்.”

மூத்தவர் வேறொரு விதமாகச் சொன்னார். கைகுலுக்கிய பிறகு நடுவரிடம் போய் உண்மையைச் சொன்னால் என்ன செய்வார்கள் என்று தெரியாதிருந்தது என்றார். தோல்வி கொடுப்பார்களா, திரும்ப இருந்து ஆடச் சொல்வார்களா, இரண்டு பேருக்கும் பூச்சியமா என்று. அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அப்போது அதை நானும் தீர்மானித்திருக்கவில்லை. மிச்சம் 22 நகர்வையும் அவர்தான் யோசித்து எழுதினாராம். மனதுக்குள் பலகையை வைத்துக்கொண்டு எழுதியதால் ஈ6 சிப்பாய் மறந்துபோயிருக்கிறது.

முன்கூட்டியே பேசி வைத்தார்களா என்றும் கேட்டோம். இருவரும் இல்லை என்றார்கள். அதற்கு மாறாக எங்களிடம் எந்தச் சான்றும் இல்லை. ஆகவே அதை அத்தோடு விட்டோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஏற்பாட்டுக் குழுவில் இருவரும் நடுவர்கள் மூவரும் கூடினோம். முதலில் பேசப்பட்டது இருவருக்கும் பூச்சியம் கொடுப்பது. 2023 டிசம்பரில் சமர்கந்தில் நடந்த உலக மின்னல்வேகப் போட்டியில் ரஷ்ய ஆட்டக்காரர்களான நெப்போம்னியாச்சியும் டூபோவும் குதிரைகளை மட்டும் வெளியே கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்து சமநிலை செய்தபோது நடுவர் இருவருக்கும் பூச்சியம் அளித்ததும், மேன்முறையீடு நிராகரிக்கப்பட்டதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டன. உதவி நடுவர்களில் ஒருவர் இதில் உறுதியாக நின்றார்: “தாளில பொய் எழுதினவருக்கு அரைப் புள்ளி நிக்குமெண்டா, அடுத்த முறை எல்லாரும் எழுதுவாங்க.” அவருடைய மறுப்பை அறிக்கையில் அப்படியே பதிந்திருக்கிறேன். அது இலகுவாகத் தள்ளிவிடக்கூடிய வாதமன்று.

ஆனால் பெரும்பான்மையினர் முடிவை மாற்றுவதில்லை என்று தீர்மானித்தோம். விதிகளின்படி, இருவரும் குறைந்தது ஒரு நகர்வாவது ஆடியிருந்தால் ஒப்பந்தச் சமநிலை செல்லும். குறைந்தபட்ச எண்ணிக்கை வைக்கப் போட்டி ஒழுங்குகளுக்கு 9.1ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்படி வைக்கும் இடத்திலும் நடுவரின் சம்மதத்துடன் சமநிலை செய்யலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. நாங்கள் ஒட்டிய தாள் அந்த வழியை மறைத்திருந்தது. அந்த எல்லை அறிவித்தலிலும் இல்லை, மீறலுக்கான தண்டனையும் சொல்லப்படவில்லை. சமர்கந்தில் நடுவர் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே முடிவெடுத்தார். நாங்கள் பரிசு கொடுத்துப் பல நாள் கழித்துப் பேசிக்கொண்டிருந்தோம். அரைகுறையாக எழுதிய விதியை வைத்து, பதினேழும் பத்தொன்பதும் வயதான இருவரின் புள்ளியைப் பின்னோக்கிப் பறிப்பது நீதியாகாது என்று நான் நினைத்தேன். இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

பொய்ப் பதிவை நாங்கள் அதே கண்ணால் பார்க்கவில்லை. குறுகிய சமநிலை அந்தச் சுற்றோடு முடிகிற விடயம். பார்க்க வந்தவருக்கு ஏமாற்றம், போட்டிக்குச் சோர்வு. ஆடாத ஆட்டம் ஆடியதாகத் தாளில் ஏறினால் அது அங்கே நிற்காது. அதை ஒரு பிள்ளை எடுத்துப் படிக்கும், 14ஆவது நகர்வு ஏன் ஆடப்பட்டது என்று மூளையைக் கசக்கும், அடுத்த போட்டியில் அந்த எதிராளிக்காக அந்த வரிசையைத் தயார் செய்யும். தாள் ஏற்பாட்டாளரின் சொத்து என்று விதி சொல்வது வெறும் சொத்துக் கணக்கல்ல. அதைப் பேணுபவர் அதன் உண்மைக்கும் பொறுப்பு. சதுரங்கத்தில் நடந்ததற்கு வேறு சாட்சி கிடையாது. காய்களைத் திரும்ப அடுக்கிய பின் தாள் ஒன்றுதான் மிஞ்சுகிறது.

எனவே கணினிப் பதிவில் ஒன்பது நகர்வும் சமநிலை முடிவும் மட்டும் வைக்கப்பட்டன. மூலத்தாள்கள் அழிக்கப்படவில்லை, பத்தாம் வரிக்கு மேல் சிவப்புப் பேனையால் கோடிட்டு, “இதற்குக் கீழுள்ளவை ஆடப்படாதவை” என்று எழுதி, நானும் ஆட்டக்காரர் இருவரும் திகதியிட்டுக் கையொப்பமிட்டோம். இருவருக்கும் எழுத்து மூல எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. பெயர் குறிப்பிடாமல் நடந்ததை விளக்கி, விதியை வகுத்ததில் நடுவர்களின் தவறையும் சேர்த்து, பங்குபற்றிய எல்லோருக்கும் ஒரு கடிதம் அனுப்பினோம். முகாம் நடத்துவோரிடம் மூன்றாவது இடம் ஒன்று தர முடியுமா என்று கேட்டோம்.

பின் நடந்தவை

மூன்றாவது இடம் கிடைக்கவில்லை. இடங்கள் முன்கூட்டியே நிரம்பிவிட்டன என்று ஒரு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது.

அதைக் கேள்விப்பட்ட மூத்தவர், எவரும் சொல்லாமல், தன் இடத்தை அந்தச் சிறுமிக்குக் கொடுக்கலாம் என்று ஏற்பாட்டாளரிடம் வந்து சொன்னார். நாங்கள் சிறுமியின் தகப்பனாரோடு பேசினோம். அவர் கடிதம் வந்த நாளிலிருந்தே கோபத்தில் இருந்தவர். அந்தக் கோபத்துக்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஆனாலும் அவர் ஏற்கவில்லை.

“மற்றப் பிள்ளையிட இடத்த என்ட பிள்ளைக்கு வாங்கித் தரச் சொல்லி நான் கேக்கல்ல. அந்தத் தாள் பொய்யெண்டு ஓரிடத்தில எழுதி வைங்க. அது போதும்.”

சிவப்புக் கோடிட்ட தாளின் பிரதி ஒன்றை அவருக்குக் காட்டினேன். இரண்டு தரம் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். எங்கள் முடிவு அவருடைய மகளுக்கு எதையும் மீட்டுக் கொடுக்கவில்லை என்பதை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். அவள் மூன்று மணி நேரம் உழைத்துப் பெற்ற வெற்றிக்கு உரிய வாய்ப்பு, மண்டபத்தின் மறு முனையில் பன்னிரண்டு நிமிடத்தில் போய்விட்டது. அதில் விதிக்கு உட்பட்ட பகுதி எது, எங்கள் கவனக்குறைவால் நேர்ந்த பகுதி எது என்று பிரித்துச் சொல்வதால் அவளுக்கு ஆறுதல் இல்லை.

பெற்றோர் சிலர், “சமநிலை எல்லாருந்தானே செய்யிறாங்க, இதுக்குப் போய்க் கடிதமா?” என்றும் கேட்டார்கள். சமநிலைக்காகக் கடிதம் எழுதவில்லை என்பதைப் பலமுறை விளக்க வேண்டியிருந்தது. இளையவர் சில மாதம் போட்டிகளுக்கு வரவில்லை. பின்னர் வரத் தொடங்கினார். மூத்தவர் இப்போது ஆசிரியைக்கு உதவியாகத் தாள்களைக் கணினியில் ஏற்றுகிறார். நடக்க முடியாத நகர்வை அவரைப் போல விரைவாகக் கண்டுபிடிப்பவர் எங்களிடம் வேறு எவரும் இல்லை என்று ஆசிரியை சொல்கிறார்.

மாற்றியவை

அடுத்த ஆண்டுப் போட்டியில் எண்ணிக்கை எல்லையைத் தனித்த தடையாக வைக்கவில்லை. 30 நகர்வுக்கு முன் சமநிலை வேண்டுமானால் கடிகாரத்தை நிறுத்தி, நடுவரை அழைத்து, தாளைக் காட்டிச் சம்மதம் பெற வேண்டும். பெறாமல் முடித்தால் என்ன தண்டனை, எந்த ஒழுங்கில் என்பன அறிவித்தலிலேயே அச்சிடப்பட்டன. கடிகாரம் நிறுத்தப்பட்டதும் தாள் மேசையை விட்டு அசையக் கூடாது; முடிவும் கையொப்பமும் தவிர எதுவும் எழுதக் கூடாது. நடுவர் அந்த இடத்திலேயே இரு தாளிலும் நேரத்தையும் கடிகார மிச்சத்தையும் எழுதிச் சுருக்கொப்பமிடுவார். காபன் தாள் வைத்த பதிவுத்தாள்களுக்கு மாறினோம். செலவு கூடினாலும், ஆட்டக்காரர் பிரதியைக் கொண்டுபோகும்போது மூலம் உடனே எங்கள் கைக்கு வந்துவிடுகிறது. கடைசிச் சுற்றில் முதல் நான்கு பலகைகளுக்கு ஒரு நடுவர் வேறு வேலையின்றி நிற்பார். பரிசளிப்பு வேலைக்காக எந்த நடுவரும் மண்டபத்தை விட்டுப் போவதில்லை.

முகாம் இடத்தைப் பற்றியும் யோசித்தோம். சமநிலைக்கு ஆசைகாட்டியது அந்த இடந்தான். புக்கோல்ஸ் கணக்கு அந்த ஆசைக்கு உத்தரவாதம் கொடுத்தது. எனவே ஒரே புள்ளியில் நிற்பவர்களுக்கிடையில் முகாம் இடம் மட்டும் அன்று மாலையே விரைவாட்டத்தில் தீர்மானிக்கப்படும் என்று வைத்தோம். 2008இல் பில்பாவோவில் செய்தது போல வெற்றிக்கு மூன்று, சமநிலைக்கு ஒன்று என்று புள்ளியை மாற்றலாம் என்றும் ஒருவர் சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. உண்மையாகப் போராடிப் பெறும் சமநிலையையும் அது ஒரே தட்டில் வைத்துக் குறைத்துவிடுகிறது. அதோடு, ஒரே வகுப்புப் பிள்ளைகள் நிறைந்த போட்டியில் அரைப் புள்ளியைப் பங்கிடும் ஆசையை நீக்கப் போய், ஆட்டத்தையே விட்டுக்கொடுக்கும் ஆசையை அது உண்டாக்கலாம்.

புதிய ஒழுங்கின் கீழ் வந்த முதல் கோரிக்கை நான்காம் சுற்றில். பெர்லின் தற்காப்பு என்ற தொடக்கத்தில் ராணிகள் ஈ4க்கும் டி4க்கும், ஈ6க்கும் டி6க்கும் மாறி மாறி வந்து நிலை திரும்பத் திரும்ப வரும், எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பதினான்கு நகர்வு வரிசையை ஆடிவிட்டு இரண்டு மாணவிகள் என்னை அழைத்தார்கள். பலகையையும் தாளையும் பார்த்தேன். ஒரே நிலை மூன்றாம் தடவையாக வந்திருந்தது. மறுக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. 14ஆம் வரிக்குக் கீழே கோடிட்டுக் கையொப்பமிட்டார்கள். ஒருத்தி, “மிச்சம் வெறுமையா இருந்தாப் பரவாயில்லையா சேர்?” என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன்.

முந்திய இரண்டு ஆண்டுகளின் கோவைகளையும் இப்போது ஆசிரியையும் மூத்தவரும் மீளப் பார்த்து வருகிறார்கள். அக்காலத்துக் கடிகாரக் குறிப்புகள் எங்களிடம் இல்லாததால், தாள்களை மட்டுமே வைத்துத்தான் பார்க்க முடிகிறது. இதுவரை ஓர் ஆட்டம் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது: இரு தாள்களிலும் ஒரே இடத்தில் ஒரே நகர்வு விடுபட்டிருக்கிறது. அதை ஆடியவர்கள் இருவரும் இப்போது வெளிநாட்டில். அவர்களிடம் கேட்டுப் பதில் வரும் வரை, அந்த ஆட்டம் “உறுதிப்படுத்தப்படாதது” என்ற குறிப்போடு தனிக் கோவையில் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படவில்லை.